இன்ஜினுக்குள் கிடந்த ரோஸ் துணி

தொண்ணூறுகளில் ராயபுரத்தில் சின்னதாக ஒரு பனியன் கம்பெனி நடத்தினேன். வீரபாண்டி சாயப்பட்டறைக்குத் துணி ஏற்ற இருந்தது ஒரே ஒரு பழைய பிக்கப் வண்டி. ஓடி ஓடித் தேய்ந்து, போன வழியெல்லாம் நீலப்புகையால் கோடு போட்டது.

இன்ஜினைப் பிரித்துப் புதுப்பிக்க மெக்கானிக் சின்னச்சாமியிடம் விட்டேன். புது பிஸ்டனை ஒளித்துவிட்டுப் பழையதையே மாட்டிவிடுவாரோ என்று சந்தேகம். சும்மா உட்கார்ந்து பார்த்தால் என் சந்தேகம் அவருக்குத் தெரிந்துவிடும். அதனால் கம்பெனியில் வெட்டி மிஞ்சிய கட்டிங் வேஸ்ட் துணியை மூட்டையாகக் கொண்டுபோய், உதவுகிற பாவனையில் ஒவ்வொரு பாகத்தையும் துடைத்துக் கொடுத்தேன்.

"பனியன் துணி வேண்டாமுங்க, பிசிறு உள்ள போயிரும்" என்றார். என்னை விரட்டப் பார்க்கிறார் என்றே நினைத்தேன்.

வண்டி திரும்பி வந்த நான்காம் நாள், சரக்கோடு நடுரோட்டில் இன்ஜின் ஜாமாகி நின்றது. வண்டி இல்லையென்றால் ஆர்டர் இல்லை. பட்டறைக்கு இழுத்துப்போய், "எம் பிஸ்டன் எங்கீங்க?" என்று சின்னச்சாமியிடம் கத்தினேன்.

அவர் இன்ஜினைப் பிரித்தார். பிஸ்டன் நான்கும் புதுசு. ஆயில் ஏறும் சல்லடையை மட்டும் ஒரு ரோஸ் துணுக்கு அடைத்திருந்தது.

"ஏனுங்க, இது யாரு கம்பெனித் துணிங்க?"

என் சட்டைப் பையிலேயே அந்த ரோஸ் பிசிறு ஒட்டியிருந்தது.

இன்றும் வண்டியை வேலைக்கு விட்டால் அவர் பட்டறையில் உட்கார்ந்து பார்க்கிறேன், சந்தேகம் விடவில்லை. ஆனால் கையைக் கட்டிக்கொண்டு.