துருப்பிடித்த சின்ன ஆம்ப்ளிஃபையர்

எழுபதுகளில் நான் செங்கல்பட்டில் டீச்சர். நாளெல்லாம் வகுப்பில் கத்திவிட்டு அறைக்குத் திரும்பினால், மெல்லிசாக ஒரு பாட்டு கேட்டால் போதும் என்றிருக்கும். ரெக்கார்டு பிளேயர் இருந்தது, ஆம்ப்ளிஃபையர் இல்லை. புதிது வாங்க வசதியில்லாமல், பழையது விலைக்குக் கிடைக்குமா என்று கடலோரக் கடப்பாக்கத்தில் மைக் செட் வாடகைக்கு விடுபவரிடம் போனேன்.

அவரிடம் வால்வு ஆம்ப்ளிஃபையர் இரண்டு இருந்தன. நான் பெரியதைக் கேட்டேன்.

"அது கண்ணாலத்துக்குப் போறது, டீச்சர். ரூமுக்குச் சின்னதே போதும்."

சின்னது உப்புக்காற்றில் துருப்பிடித்திருந்தது.

"நல்லதை நீங்க வச்சிக்கிட்டு, துருவை என் தலையில கட்டப் பாக்குறீங்களா?" என்று கேட்டுவிட்டேன்.

அவர் சின்னதன் விலைக்கே பெரியதைக் கொடுத்துவிட்டார்.

அறையில் எவ்வளவு குறைத்து வைத்தாலும், பாட்டுக்குப் பின்னால் லாரி நிற்பதுபோல் அது உறுமியது. ஒரு வாரம் பொறுத்தேன். அந்தக் கனத்தை மடியில் வைத்துக்கொண்டு, தொடை மரத்துப்போக, மறுபடி பஸ்ஸில் போனேன்.

அன்று முகூர்த்த நாள். அவர் கொட்டகையில் சும்மா உட்கார்ந்திருந்தார்.

"இன்னைக்கு வேலை இல்லையா?"

"ரெண்டு கண்ணாலம் வந்துச்சு. பொட்டி உங்க வூட்லல்ல கீது?"

"அப்புறம் ஏன் எனக்குக் குடுத்தீங்க?"

"ஏமாத்துறேன்னு நெனச்சிட்டீங்களே, டீச்சர்."

மன்னிப்புக் கேட்க எனக்கு வாய் வரவில்லை. சின்னதை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

நான் ஏங்கிய மெல்லிய பாட்டு அதில்தான் இருந்தது. ஆனால் வால்வு சூடேறிச் சத்தம் வர அரை நிமிடமாகும். அந்த அரை நிமிடமும் எனக்கு அவர் குரல்தான் கேட்கும்.