ரத்னாபாயின் குடை கிடக்கும் வண்டி

வண்டி நிற்பதற்குள் ரத்னாபாயின் குடை உள்ளே போய்விடும். திருவனந்தபுரம் தம்பானூர் ஸ்டேஷனுக்குள் சாயங்கால நாகர்கோவில் பாசஞ்சர் உருண்டு வரும்போதே பெண்கள் பெட்டியை ஒட்டி அவர் ஓடத் தொடங்குவார். ஒரு ஜன்னல் கம்பிக்கு இடையே குடை, அடுத்ததில் கைக்குட்டை, அதற்கடுத்ததில் சீப்பு, மூக்குக்கண்ணாடிக் கூடு, ஒரு வாழைக்காய். பொருளுக்கு ஒரு சீட் வீதம் எங்கள் கூட்டத்துக்கு இடம் பிடித்தாயிற்று. ஐம்பது தாண்டிய வயதில், அந்த உடம்போடு, சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஒரு மனுஷி ரயிலோடு ஓடுவதைப் பார்த்தால் விழுந்துவைக்காதீர்கள் என்று நான் கத்துவேன். சொன்னால் கேட்டால்தானே!

கோட்டைக்கு அருகே ஓர் அரசு அலுவலகத்தில் அவர் அட்டெண்டர். வீடு பாறசாலையில். நகரத்துக்குள்ளேயே ஸ்ரீவராகத்தில் பிறந்த நான் கணவரின் வேலைக்காக அதே பாறசாலைக்குக் குடிபோனவள். தினமும் திருவனந்தபுரத்துப் பள்ளிக்கூடம் ஒன்றுக்கு வந்து போகும் டீச்சர். எங்களைப் போல சீசன் டிக்கெட்டில் போய்வரும் ஏழெட்டுப் பெண்களுக்கு ரத்னாபாய்தான் தலைவி. யாரும் தேர்ந்தெடுக்கவில்லை, அவரே ஆகிக்கொண்டார்.

புதிதாக ஏறிய யாராவது வாழைக்காயை நகர்த்திவிட்டு உட்கார்ந்தால் தொலைந்தார்கள். "எம்மா, அது ஆளு உள்ள சீட்டாக்கும். எந்திரிங்க" என்பார். வெறும் வாழைக்காய்தானே கிடந்தது என்று அந்தப் பெண் கேட்டால், "பின்னே? வாழைக்கா தானா ரயிலு ஏறி வருமா?" என்று பதில் வரும். இதற்கு யார் என்ன வாதாட முடியும்? எழுந்து நிற்பவளைப் பார்க்க எனக்குத்தான் கூச்சமாக இருக்கும். ஆனால் கால் வலிக்கிறதே, அந்த இடத்தில் நானே உட்கார்ந்துவிடுவேன்.

வண்டி கிளம்பியதும் பையிலிருந்து முருங்கைக்கீரைக் கட்டு வெளியே வரும். "டீச்சர், சும்ம இரியாதீங்க. இத உருவுங்க." நாள் முழுக்கக் கத்திக் கத்தித் தொண்டை வறண்டு, ஜன்னலில் தலையைச் சாய்த்தால் போதும் என்று நான் வந்திருப்பேன். அது அவருக்கு ஒரு பொருட்டா? கட்டு என் மடியில் விழும். ரத்னாபாய் வீட்டுத் துவரன் பொரியலுக்கு நான் உருவின கீரையைக் குவித்தால் ஒரு பெட்டி நிறையும்.

நேமத்தில் எங்கள் வண்டியை ஓரம் கட்டுவார்கள். ஒற்றைத் தண்டவாளம், ஏதாவது ஓர் எக்ஸ்பிரஸ் வருகிறது என்றால் பாசஞ்சர்தான் ஒதுங்கி நிற்க வேண்டும். மின்விசிறி நின்றுவிடும், ரவிக்கை முதுகில் ஒட்டும், யார் குழந்தையாவது அழும். எக்ஸ்பிரஸ் தடதடவென்று கடக்கும்போது ரத்னாபாய் எழுந்து ஜன்னல் கம்பியில் முகத்தை வைத்து அர்ச்சனையை ஆரம்பிப்பார். "போ மக்ளே, போ. உனக்குத்தான் தலை போற காரியம். எங்க வீட்டுல யாருக்கும் வயிறு கிடையாது, நாங்க இங்ஙன கிடந்து வேவுதோம்!" அங்கே கண்ணாடி ஜன்னலுக்குப் பின்னால் ஏசியில் தூங்குகிறவருக்கு இதில் ஒரு எழுத்தும் கேட்காது. எங்கள் காது மட்டும் கிழியும்.

ஆனால் அந்தக் கோபத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. போன வருஷம் அவருடைய மகள் ஜினியைப் பெண் பார்க்க வந்த அன்று வண்டி நேமத்தில் மணிக்கணக்காகக் கிடந்தது. ரத்னாபாய் வீடு சேர்ந்தபோது வந்தவர்கள் டீயைக் குடித்துவிட்டுப் போயிருந்தார்கள். பெற்றவளுக்கே அக்கறை இல்லாத வீட்டில் என்ன சம்பந்தம் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். "ஒரு வண்டி எம்பிள்ளைக்க கல்யாணத்தக் கெடுத்துப் போட்டு, டீச்சர்" என்று மறுநாள் பெட்டியில் எல்லாருக்கும் முன்னால் அழுதார். அப்புறம் ஜினிக்குச் சொல்லிக்கொள்ளும்படி ஒரு வரனும் வரவில்லை.

இந்த மாதம்தான் வந்தது. மாப்பிள்ளை வீட்டார் நாகர்கோவில் பக்கத்து இரணியல்காரர்கள். அலுவலகத்தில் ஆடிட் நடப்பதால் ரத்னாபாய்க்கு லீவு இல்லை. அதனால் என்ன, அவரிடம் திட்டம் இருந்தது. பெண் பார்க்க அவர்கள் ஏறி வரும் எதிர்ப் பாசஞ்சரும் எங்கள் பாசஞ்சரும் தினமும் பாறசாலையில்தான் ஒன்றையொன்று கடக்கும். "அவுங்க இறங்குததுக்கும் நான் இறங்குததுக்கும் சரியா இருக்கும். ஸ்டேஷன்லேருந்தே கூட்டிட்டுப் போயிருவேன். இந்தத் தடவ எவன் என்ன சொல்லுவான்?"

அவர்கள் வரும் அன்று வழக்கமான பிளாட்பாரத்தில், வழக்கமான நேரத்துக்கு ஒரு வண்டி வந்தது. ஒலிபெருக்கி மூன்று பாஷையில் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தது. ஒலிபெருக்கியை ரத்னாபாய் மதிப்பதே கிடையாது. அது எதையாவது சொல்லிக்கொண்டுதான் கிடக்குமாம். குடை போயிற்று, சீப்பு போயிற்று, வாழைக்காயும் போயிற்று. பின்னாலேயே வந்த நாங்கள் அவற்றைப் பார்த்து ஏறினோம். வண்டியின் பலகையை யார் பார்த்தது? ரத்னாபாயின் குடை கிடக்கிற வண்டி எங்கள் வண்டி, அவ்வளவுதான். உள்ளே பெட்டியும் படுக்கையுமாகத் தெரியாத முகங்கள் நிறைய. "ஏதோ கல்யாணக் கூட்டம்" என்று அவரே விளக்கமும் கொடுத்தார்.

நேமத்தில் வண்டி நிற்கவே இல்லை. ரத்னாபாய் கை தட்டினார். "கர்த்தருக்கு ஸ்தோத்திரம்! இன்னைக்கு நம்மள ஒதுக்கல்ல, பாத்தியளா!" அடுத்து பாலராமபுரம். அங்கே இறங்க வேண்டிய எங்கள் கூட்டத்து ஜெயபாய் பையோடு வாசலில் நின்றுகொண்டிருந்தாள். ஸ்டேஷன் சர்ரென்று பின்னால் போனது. ஜெயபாய் போட்ட கூச்சலில் ஒரு மலையாளத்து அம்மா கண் விழித்து, "இனி குழித்துறையிலே நிர்த்தூ" என்றார். நேரம் தவறி வந்த எக்ஸ்பிரஸாம் அது, இனி அங்கேதான் நிற்குமாம். குழித்துறை என்றால் பாறசாலையையும் தாண்டி!

"ஒரே ஒரு தடவை அந்தப் போர்டைப் பாத்திருக்கப்படாதா ரத்னாபாய்?" என்று நான் வெடித்தேன்.

"நீங்க படிச்சவங்கதானே, நீங்க பாத்தியளா?"

எனக்கு இன்னும் பற்றிக்கொண்டு வந்தது. எங்களில் ஒருத்தி சங்கிலியைப் பிடித்து இழுக்கலாம் என்று கையை உயர்த்தினாள். ரத்னாபாய் அந்தப் பெண்ணின் கையைப் பிடித்துக் கீழே இறக்கினார். "போலீஸ் கேசு ஆயி என் வேலை போச்சுன்னா எம்பிள்ளைய எவன் கெட்டுவான்?" ஓடுகிற ரயிலிலிருந்து வீட்டுக்குத் தகவல் சொல்லவும் வழியில்லை. இறங்கி டெலிபோன் பூத் தேடினால்தான் உண்டு.

பாறசாலை வந்தது. பிளாட்பாரத்தில் அவருடைய கணவர் ஞானையன், வெள்ளை வேட்டி சட்டையில், தலை படிய வாரி, விருந்தாளிகளை எதிர்பார்த்து நின்றுகொண்டிருந்தார். ரத்னாபாய் கம்பிக்கு வெளியே கையை நீட்டி, "இந்தாங்க! இந்தாங்க, நான் இங்ஙன இருக்கேன்!" என்று கத்தினார். ஞானையன் காற்றுக்கு வேட்டியைப் பிடித்துக்கொண்டு ஒரு அடி பின்வாங்கினார். அவருக்கு ஒன்றும் தெரியவில்லை. ரத்னாபாய் உட்கார்ந்தார், அதற்குப் பிறகு பேசவில்லை. அவர் வாயை மூடி நான் பார்த்தது அன்றைக்குத்தான். எனக்குப் பாவமாக இருந்தது. கோபமும் போகவில்லை.

எங்கள் வண்டி குழித்துறையில் நின்றபோது எதிர்ப் பிளாட்பாரத்தில் ஒரு பாசஞ்சர் ஒதுங்கி நின்றது, எங்களுக்கு வழி விட்டு. அதன் ஜன்னலிலிருந்து, பட்டுச்சேலை கட்டி மடியில் பழப்பை வைத்திருந்த ஒரு பருத்த அம்மாள் எங்கள் வண்டியைப் பார்த்துத் திட்டிக்கொண்டிருந்தாள். "எக்ஸ்பிரசாம் எக்ஸ்பிரசு! நாங்க என்ன மனுசங்க இல்லியா? போற காரியத்துக்கு நேரம் போச்சே!"

ரத்னாபாய் எழுந்து உற்றுப் பார்த்தார். "ஏசுவே, பொன்னம்மை மயினி!" மாப்பிள்ளையின் அம்மா. போன ஞாயிறு சர்ச்சில் பார்த்துப் பேசியிருந்தார்கள். எதிர் வண்டி கிளம்புவதற்குள் நாங்கள் அத்தனை பேரும் இறங்கி ஓடிப்போய் அந்த வண்டியில் தொற்றிக்கொண்டோம்.

"எம்மா, நீங்க ஜினிக்க அம்மை இல்லியா? இங்ஙன எப்படி?" என்றாள் பொன்னம்மை.

மூச்சு வாங்குவதற்கு நடுவிலேயே ரத்னாபாய் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "உங்களக் கூட்டிட்டுப் போலாம்னு வந்தோம் மயினி. நீங்க நம்ம வீட்டுக்கு முதமுதல்ல வாறது, சும்ம ஆக்கும்னு விட்டிர முடியுமா? இவங்க ஒக்க நமக்க ஆளுங்கதான்."

பொன்னம்மையின் முகத்திலிருந்த கடுப்பு கரைந்துவிட்டது. பக்கத்திலிருந்த மகனின் தோளில் தட்டினாள். "பாத்தியாடே! ஊரு தாண்டி எதிர வந்திருக்காவ. இந்த மரியாத எவன் செய்வான்?" பிறகு என் பக்கம் திரும்பினாள். "நீங்களும் இதுக்கு வேண்டியா இவ்வளவு தூரம் வந்திய?"

எனக்குத் தலை வெடித்துக்கொண்டிருந்தது. தலைமுடி அவிழ்ந்து தொங்கியது, வீட்டில் அடுப்பு மூட்டியிருக்கவில்லை. நடந்த கூத்து முழுவதும் நாக்கின் நுனிக்கு வந்துவிட்டது. நான் வாயைத் திறந்தேன். ரத்னாபாய் பொன்னம்மையைப் பார்த்து அன்பொழுகச் சிரித்தபடியே, கீழே என் கால்விரல்கள்மேல் தன் செருப்புக்காலை ஏற்றி, உடம்பின் முழுப் பாரத்தோடும் அழுத்தினார்.