நின்றால்தான் அளவு

"மூச்சை இழுத்துப் பிடிக்காதீங்க சார், சட்டை உங்களுக்குத்தானே? உங்க ஆசைக்கு இல்லையே?" என்றபடி டேப்பை என் வயிற்றைச் சுற்றிப் போடுகிறார் டெய்லர். தொப்பையை உள்ளே இழுத்துக்கொண்டு நிற்கும் என்னைப் போன்றவர்கள் அவரிடம் கையும் களவுமாக அகப்பட்டுக்கொள்வோம்.

சின்னப் பிள்ளைகள் வந்தால் ஆளே மாறிவிடுவார். டேப்புக்குள் தன் ஆள்காட்டி விரலை நுழைத்துக்கொண்டுதான் அளவைப் படிப்பார். "வளர்ற பிள்ளை. ஒரு விரல் இடம் விடணும்."

கடைக்குப் பின்னால் உள்ள ஒற்றை அறைதான் வீடு. அவருடைய ஒன்றரை வயது மகன் பகலெல்லாம் வெட்டு மேசைக்கு அடியில் பாயில் கிடப்பான். அவனுக்கு 'முதலாளி' என்று பட்டம். முதலாளிக்குத் தலை பெரிது. உட்கார வைத்தால் தலை ஒரு பக்கம் இழுக்க, சாய்ந்துவிடுவான். இன்னும் நிற்பதில்லை. 'அப்பா' என்று சொல்ல வரவில்லை; தையல் மிஷின் ஓடினால் மட்டும் கூடவே "டுர்ர்ர்" என்று ஓட்டுவான். அவன் சட்டைகளுக்கெல்லாம் தோளில் பொத்தான். கழுத்து வழியே தலை நுழையாது.

துணி கொடுக்க வருகிறவர்கள் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருப்பதில்லை. "பெரிய தலைன்னா பெரிய மூளைங்க" என்றார் ஒருவர். "நீங்க எங்க மாமனாரைப் பார்த்ததில்லை போல" என்று டெய்லர் பேச்சைத் திருப்பிவிட்டார். உள்ளேயிருந்து அவர் மனைவி வேண்டுமென்றே இருமினார்.

ஸ்கேன் பார்த்த டாக்டர், "இப்போதைக்கு ஆபரேஷன் வேண்டாம். தலை வேகமாப் பெருசாகுதான்னு பார்த்துக்கிட்டே வருவோம். காலுக்குப் பயிற்சி கொடுங்க. எப்ப நடப்பான்னு என்னால சொல்ல முடியாது" என்று சொல்லியிருந்தார். அன்றிலிருந்து, வீட்டில் பிள்ளை தலைமேல் டேப்பை வைக்கவே கூடாது என்று மனைவியின் உத்தரவு. ஒருநாள் அவர் குளிக்கப் போன நேரம், டெய்லருக்குக் கை சும்மா இருக்கவில்லை. அளந்துவிட்டார். ஆஸ்பத்திரியில் அந்த வாரம்தான் சொன்ன அளவைவிட நன்றாகவே கூடுதல். கடையைத் திறந்தது திறந்தபடி போட்டுவிட்டுப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடினார். ஈரத் தலையோடு மனைவி பின்னாலேயே ஓடினார்.

நர்ஸ் அளந்தார். அளவு கூடவே இல்லை. "நீங்க எப்படி அளந்தீங்க? காட்டுங்க" என்றார். டெய்லர் காட்டினார்.

"அண்ணே, முதல்ல அந்த விரலை எடுங்க."

"வளர்ற பிள்ளைன்னாலே கை தானா உள்ள போயிடுது சார்" என்று என்னிடம் சொல்லிச் சிரித்தார். மனைவி அன்று முழுக்க அவரோடு பேசவில்லையாம்.

அலமாரியின் மேல்தட்டில் ஒரு துண்டு நீலத் துணி இருக்கிறது. என் தம்பி மகனுக்கு ஆகுமே என்று கேட்டுப் பார்த்தேன். "அது முதலாளியோட பேன்ட்டுக்கு" என்றார்.

"அப்ப தைச்சிட வேண்டியதுதானே?"

"படுக்க வச்சு எடுக்கறது ஒரு அளவா சார்? பேன்ட்டுன்னா நிக்கணும். நின்னாத்தான் அளவு."

ஊரே அவர் முன்னால் நின்று அளவு கொடுக்கிறது. தன் பிள்ளை ஒரே ஒரு தடவை அப்படி நிற்க வேண்டும் என்பதைத் தவிர அந்த மனிதருக்கு வேறு ஏக்கம் இருப்பதாக எனக்குத் தெரியவில்லை.

நேற்று சட்டை வாங்கப் போனேன். பயிற்சி நேரம். மனைவி பிள்ளையைக் கக்கத்தில் பிடித்துப் பாயின்மேல் நிறுத்தியிருந்தார். இரண்டு பாதமும் தரையில் பதிந்திருந்தன. "என்னங்க, இங்க பாருங்க, என் கையில கனமே தெரியல" என்றார். போட்டது போட்டபடி வந்து முட்டி போட்ட டெய்லர், கழுத்திலிருந்து டேப்பை உருவி, ஒரு முனையைப் பிள்ளையின் இடுப்பில் வைத்தார்.

"கொஞ்சம் நேரா நில்லுங்க, முதலாளி."

மறுமுனை தரையைத் தொடுவதற்குள் முழங்கால்கள் மடங்கின. மனைவி அவனைத் தூக்கி மார்போடு அணைத்துக்கொண்டு உள்ளே போனார். கடையில் வேறு இருவர் காத்திருந்தார்கள். டெய்லர் எழுந்திருக்கவில்லை. பிள்ளையின் இடுப்பு இருந்த உயரத்தில் ஒரு கை, தரையில் ஒரு கை. நடுவில் டேப்பை இழுத்துப் பிடித்தபடி அப்படியே இருந்தார்.