செப்பு அண்டாத் தண்ணீர்

தண்ணீர் வண்டி வந்தால்தான் உலை கொதிக்கும் அருப்புக்கோட்டையில், ஓய்வு பெற்றதும் நான் ஏஞ்சல் மீன் வளர்க்கத் தொடங்கினேன். முறைகள் எல்லாம் எனக்கு அத்துப்படி. புதுத் தண்ணீரை ஒரு நாள் ஆறவைத்துத்தான் தொட்டியில் ஊற்ற வேண்டும். சென்ற கோடையில் அப்படியே, புளி போட்டுத் துலக்கிய செப்பு அண்டாவில் வைத்திருந்து ஊற்றினேன்.

சிறிது நேரத்தில், முட்டைகளைக் காத்துக்கொண்டிருந்த ஜோடி மேலே வந்து மூச்சுக்கு வாயைத் திறந்து திறந்து மூடியது. தொட்டிக்கும் வாசலுக்குமாக நடந்தேன். காலி அண்டா கண்ணில் பட்டபோதுதான் உறைத்தது. செப்புப் பாத்திரத்தில் மோர் ஊற்றக்கூடாது என்று தெரிந்த எனக்கு, மீனுக்கும் செம்பு ஆகாது என்று தோன்றவில்லை. வேறு தண்ணீர் குடிக்கிற பானையில் மட்டுமே இருந்தது.

"ரேடியோப் பெட்டி வாங்கச் சொன்னா மீன் வாங்குனீக. இப்ப குடிக்கிற தண்ணிக்கும் வந்துட்டீகளா?" என்றாள் மனைவி. பிறகு, "ஒரு பொழுது தாகமாக் கெடந்தா நாம செத்துற மாட்டோம். அதுக செத்துரும்" என்று பானை மூடியை அவளே எடுத்தாள்.

மீன்கள் பிழைத்தன, முட்டைகள் வெளுத்துக் கெட்டுவிட்டன. இப்போது மண்பானைத் தண்ணீர் மீன்களுக்கு. செப்பு அண்டாவில் இருப்பதை நாங்கள் குடிக்கிறோம்.