கையைத் தூக்கி எடுத்த அளவு

மதினியை நினைத்தால் எனக்கு முதலில் கண்ணுக்கு வருவது அண்ணனின் பழைய முழுக்கைச் சட்டைதான். நீலக் கட்டம் போட்டது, காலர் கிழிந்தது, மருந்துக் கறை ஏறி முன்பக்கம் பச்சை பூத்துக் கிடப்பது. எங்கள் காமயகவுண்டன்பட்டியில் திராட்சைத் தோட்டத்து வேலைக்குப் போகும் பெண்கள் எல்லோருமே வீட்டு ஆண்களின் பழைய சட்டையை மேலே மாட்டிக்கொண்டுதான் போவார்கள். பந்தலில் தெளித்த மருந்து மேலே சொட்டும், கொடியில் தூசி கொட்டும், அதற்காக. மதினிக்கு மட்டும் அந்தச் சட்டை இன்னொன்றுக்கும் உதவியது. மாலையில் தோட்டத்தை விட்டு வெளியே வந்ததும் மற்றவர்கள் சட்டையைக் கழற்றி உதறிப் பையில் வைப்பார்கள். அவர் கழற்றமாட்டார். அந்த நாற்றம் பிடித்த சட்டையோடேயே டவுன் பஸ்ஸில் ஏறி, பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வீடு வந்து சேர்வார். பக்கத்து சீட்டுக்காரர்கள் மூக்கைப் பொத்தினாலும் கண்டுகொள்ளமாட்டார்.

காரணம் எனக்கும் என் அம்மாவுக்கும் மட்டும் தெரியும். மதினி கனத்த உடம்புக்காரர். அந்த வருடக் கோடையில் மார்புக்கு அடியில் வேர்க்குரு மாதிரி வந்தது, பாடியின் ரப்பர் பட்டை உரசி உரசிப் புண்ணாகி, நீர் கோத்துக்கொண்டது. பிரா என்று இன்று என் கடையில் சொல்கிறோம். எங்கள் பக்கத்தில் அதற்குப் பாடி என்றுதான் பேர். தேனியில் தோல் டாக்டரம்மா பார்த்துவிட்டு, புண் ஆறும்வரைக்கும் அதைத் தொடவே கூடாது, ஆறின பிறகும் வெயிலில் வேலை செய்கிற அன்றைக்குப் போடாமல் இருப்பதே நல்லது என்று சொல்லிவிட்டார். சொல்வது சுலபம். பாடி போடாமல் ஒரு பெண் எப்படி ஊருக்குள் நடப்பாள், எப்படிப் பஸ் ஏறுவாள் என்று எந்த மருந்துச் சீட்டிலும் எழுதித் தருவதில்லை. சுடிதார் மேல் ஷால் போட்டுக்கொண்டால் தீர்ந்தது என்று அம்மா சொன்னார். நிற்கிறவரைக்கும் ஷால் சரிதான். கூட்டத்தில் மேலே கம்பியைப் பிடிக்கக் கையைத் தூக்கினால் ஷால் ஒருபக்கம் போய்விடும், சட்டையும் நெஞ்சோடு ஒட்டிக்கொள்ளும். அதனால் மதினி கம்பியைப் பிடிப்பதையே விட்டுவிட்டார். வளைவில் பஸ் திரும்பும்போதெல்லாம் யார்மேலாவது போய் விழுந்து, திட்டு வாங்கிக்கொண்டு வருவார்.

ஒருநாள் வந்து சோற்றில் கை வைத்துக்கொண்டே சொன்னார். "நான் ஒண்ணும் பெரிசா கேக்கலத்தா. பஸ்ஸுல நாலு பேரப் போல கம்பியப் புடிச்சு நிக்கணும். அம்புட்டுத்தேன்." சொல்லிவிட்டுச் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

நான் அப்போது திருப்பூர் பனியன் கம்பெனியில் சில வருடம் வேலை பார்த்துவிட்டு, கல்யாணப் பேச்சு நடக்கிறது என்று வீட்டுக்குத் திரும்பியிருந்தேன். துணியைப் பற்றி எனக்குத் தெரியாதது உலகத்தில் ஒன்றும் இல்லை என்ற நினைப்பு. "பாடியே தேவைப்படாத டாப்ஸ் ஒண்ணு தச்சுத் தாறேன் மதினி, ஒரு வாரம் பொறுங்க" என்று வாய் விட்டுவிட்டேன். அந்த ஒரு வாரம் பல மாதங்களாக நீண்டது.

முதல் சட்டையில் உள்ளே நெஞ்சளவுக்கு ஒரு உள்துணி கொடுத்து, அடியில் மெல்லிய ரப்பர் வைத்தேன். கம்பெனியில் அப்படித்தான் செய்வோம். மதினி ஒருநாள் போட்டுவிட்டு வந்து, புண் இருந்த இடத்தைக் காட்டினார். பாடி உரசிய அதே கோட்டில் என் ரப்பரும் உரசியிருந்தது. "திருப்பூருக்குப் போயி நீ படிச்சுட்டு வந்தது இந்த ரப்பரத்தானா?" என்று கேட்டார். அடுத்ததில் ரப்பரை எடுத்துவிட்டு, தடித்த லைனிங் துணியை இரண்டு மடிப்பாகக் கொடுத்தேன். வெளியே ஒன்றும் தெரியவில்லை, உருவம் அழகாக நின்றது, எனக்கு ஒரே பெருமை. மதினி வேர்த்து வழிந்துகொண்டு வந்து நின்றார். "இதப் போட்டா வீட்டுல அடுப்பே வேணாந்தா. உள்ளயே இட்டிலி வெந்துரும்."

பகலில் அறைக்கதவைச் சாத்திக்கொண்டு போட்டுப் பார்ப்போம். நான் வாயில் குண்டூசியைக் கவ்விக்கொண்டு அவரைச் சுற்றிச் சுற்றி வருவேன். அவர் தோட்டத்துக் கதைகளைச் சொல்லிக்கொண்டே இருப்பார். ஓனர் நடப்பதை நடித்துக் காட்டுவார். நான் சிரித்தால் ஊசி தொண்டைக்குள் போய்விடும் என்று கெஞ்சுவேன், அதற்காகவே இன்னும் நடிப்பார். வெளியே இருந்து அம்மா, "பட்டப்பகல்ல கதவச் சாத்திக்கிட்டு ரெண்டு பேரும் என்ன செய்யிறீக?" என்று சத்தம் போடுவார். "ஒங்க மக எனக்கு ஒடம்பு தைக்கிறா அத்தை" என்று மதினி பதில் கொடுப்பார். எனக்குக் கூடப் பிறந்த அக்கா தங்கை கிடையாது. ஒரு பெண்ணின் உடம்பை இன்னொரு பெண் கூச்சமில்லாமல் பார்க்கலாம், அதைப் பற்றிப் பேசலாம், சிரிக்கலாம் என்பதே எனக்கு அந்த அறைக்குள்தான் தெரிந்தது. அந்த மதியங்களைப் போல் அதன் பிறகு எனக்கு எதுவும் வாய்க்கவில்லை.

மூன்றாவதாகத் தைத்தது கிட்டத்தட்ட சரியாக வந்தது. சின்னச் சின்னப் பூப்போட்ட கரும்பருத்தித் துணி, நெஞ்சுக்கு மேலே பட்டி வைத்து அதிலிருந்து சுருக்கம், உள்ளே வாயில் என்கிற மெல்லிய பருத்தித் துணியில் லைனிங், அடியில் ரப்பருக்குப் பதிலாக அதே துணியை மூலைவாட்டமாகச் சாய்த்து வெட்டி அகலமாக ஒரு பட்டை. சாய்த்து வெட்டிய துணி தானாகவே கொஞ்சம் இழுத்துக் கொடுக்கும், தோலை அறுக்காது. மதினி அதைப் போட்டுக் கண்ணாடி முன்னால் நின்று முன்னும் பின்னும் பார்த்தார். மறுநாள் வேலைக்கு அதைத்தான் போட்டுக்கொண்டு போனார். நான் பொறுக்கமாட்டாமல், மத்தியானச் சோற்றைக் கொண்டுபோய்க் கொடுக்கிற சாக்கில் தோட்டத்துக்கே போனேன்.

பந்தலுக்குக் கீழே பெண்கள் வரிசையாக நின்றுகொண்டிருந்தார்கள். எல்லோருக்கும் முகம் மேலே, கை மேலே. பிஞ்சுக் குலைகளில் நெருக்கமான காய்களைக் கிள்ளிக் கலைத்துவிடுகிற வேலை. காலையில் தூக்கிய கையைச் சாப்பாட்டுக்குத்தான் இறக்குவார்கள். மதினியும் அப்படி நின்றார். என் சட்டை மொத்தமாக மேலே ஏறி, அடிப்பட்டை மார்புக்கு நடுவில் போய் உட்கார்ந்திருந்தது. ஒரு கையால் கொடியைப் பிடித்துக்கொண்டு மறு கையால் அதைக் கீழே இழுத்து இழுத்து விட்டுக்கொண்டிருந்தார். என் தலையில் நானே குட்டிக்கொள்ளலாம் போல இருந்தது. அளவெடுக்கும்போது நாங்கள் எல்லோரும் சொல்கிற முதல் வார்த்தை, "கையத் தொங்கப் போடுங்க" என்பதுதான். திருப்பூரிலும் அப்படித்தான், எங்கள் ஊர்த் தையல்கடையிலும் அப்படித்தான். நாள் முழுக்கக் கையைத் தூக்கியே பிழைக்கிற ஒரு பள்ளத்தாக்கில், கையைத் தொங்கப் போட்டு அளவெடுத்துத் தைத்துக் கொடுத்துக்கொண்டிருக்கிறோம். கம்பத்திலிருந்து சின்னமனூர் வரைக்கும் எந்தத் தையற்காரருக்கும் இது தோன்றவில்லை. இந்த ஊரிலேயே பிறந்த எனக்கும் தோன்றவில்லை.

அன்று மாலை மதினியைக் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நிற்கவைத்து, கை மேலே இருக்கும்போது அளவெடுத்தேன். அக்குளிலிருந்து இடுப்புக்கு, தோளிலிருந்து மார்பின் அடிக்கு, எல்லாமே வேறாக இருந்தன. அக்குளில் ஒரு சதுரத் துண்டு வைப்பது, உள்துணியையும் வெளித்துணியையும் தோளில் மட்டும் சேர்த்துவிட்டுப் பக்கவாட்டில் தனித்தனியாக விடுவது என்று முடிவு செய்தேன். கை உயர்ந்தால் வெளித்துணி மட்டும் ஏறும், உள்ளே இருப்பது இருந்த இடத்திலேயே இருக்கும். வெட்டி, ஊசி குத்தி, மதினிக்கு ஒருமுறை வைத்தும் பார்த்தேன். "கைய ஆட்டிப் பாருங்க" என்றேன். இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கி, கரகம் ஆடுகிற மாதிரி ஒரு சுற்றுச் சுற்றினார். உள்துணி நகரவில்லை. மிஷினில் ஓட்ட வேண்டியதுதான் பாக்கி.

அதற்குள் வீட்டில் காரியங்கள் வேறு மாதிரி போய்விட்டன. பிள்ளை இல்லை என்பதை ஊர் காரணமாகச் சொன்னது. எனக்குத் தெரிந்தது, அண்ணனும் மதினியும் ஒருவரோடு ஒருவர் பேசுவதை நிறுத்தி ரொம்ப நாளாகியிருந்தது என்பதுதான். சண்டை போட்டிருந்தாலாவது சமாதானம் செய்து வைத்திருக்கலாம். இரண்டு பக்கத்துப் பெரியவர்களும் உட்கார்ந்து பேசி, இருவரையும் பிரித்துத் தீர்த்து விட்டுவிட்டார்கள். மதினி பிறந்த ஓடைப்பட்டியிலிருந்து வேன் வந்தது. சீராக வந்த பாத்திரங்கள், பீரோ, கட்டில் எல்லாம் ஏறின. நான் அறைக்குள் நின்றேன். மதினி வந்து என் கன்னத்தைத் தட்டி, "நல்லா இருத்தா" என்றார். ஊசி குத்திய சட்டை மிஷின் மேலே கிடந்தது. அதைக் கேட்கவும் அவருக்குத் தோன்றவில்லை, கொடுக்கவும் எனக்குத் தோன்றவில்லை. தோன்றியிருந்தாலும் அத்தனை பேர் நடுவில் அந்த நேரத்தில் எப்படிக் கொடுப்பது?

எங்கள் பக்கத்தில் தீர்த்துவிட்டால் தீர்த்ததுதான். அந்த வீட்டுப் படி ஏறக்கூடாது, கை நனைக்கக்கூடாது, எதிரே பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்ள வேண்டும். அண்ணனுக்கு வேறு கல்யாணம் ஆனது. வந்தவரும் நல்ல மனுஷி, என்மேல் பிரியமாக இருக்கிறார். அவரையும் மதினி என்றுதான் கூப்பிடுகிறேன். கூப்பிடும்போதெல்லாம் எனக்குள் யாரோ ஒருவர் திரும்பிப் பார்ப்பது போல இருக்கும். ஓடைப்பட்டி என்ன கண்காணாத தேசமா, சின்னமனூர் போய் ஒரு பஸ் மாறினால் வந்துவிடும். போனதில்லை. ஒரே ஒரு முறை சின்னமனூரில் என் பஸ் கிளம்பும்போது எதிர்ப் பஸ்ஸில் அவரைப் பார்த்தேன். கூட்டத்தில் நின்றுகொண்டிருந்தார். பையை நெஞ்சோடு அணைத்திருந்தார். என்னைப் பார்த்துவிட்டுக் கையைத் தூக்கப் போனார், பாதியில் நிறுத்திக்கொண்டார். பஸ் போய்விட்டது.

கல்யாணமாகிக் கம்பத்துக்கு வந்த பிறகு அந்த அளவை வைத்துத்தான் தைக்க ஆரம்பித்தேன். முதலில் பக்கத்துத் தோட்டத்துப் பெண்கள், பிறகு மலையேறி ஏலக்காட்டு வேலைக்குப் போகிறவர்கள், பிறகு பள்ளிக்கூட டீச்சர்கள், பிள்ளைக்குப் பால் கொடுக்கிறவர்கள். எல்லோரையும் கையைத் தூக்கச் சொல்லித்தான் அளவெடுக்கிறேன். வருகிறவர்கள் முதலில் கூசுவார்கள், பிறகு சிரிப்பார்கள். ஒல்லியானவர்களுக்கு ஒரு மாதிரி, நடுத்தரத்துக்கு ஒரு மாதிரி வைத்திருக்கிறேன். பெரிய அளவுக்கு வெட்டும்போது மட்டும் டேப்பைத் தொடுவதே இல்லை. மதினியின் தோளும் முதுகும் என் கைக்கு மனப்பாடம். அந்த அளவில் ஒவ்வொரு சட்டையை முடித்துத் தொங்கவிடும்போதும், இது அவருக்கானது, வேறு யாரோ வாங்கிப் போகிறார்கள் என்று நினைத்துக்கொள்வேன். எந்தக் காலத்திலாவது இதில் ஒன்றைப் போட்டுக்கொண்டு அவர் என் முன்னால் நிற்க வேண்டும் என்பதைத் தவிர வேறு ஆசை எனக்கு இருந்ததாக நினைவில்லை.

போன தையில் ஒருநாள், மத்தியான நேரம், கடையில் யாருமில்லை. வாசலில் ஒரு அம்மாள் வந்து நின்று, "பாடி இல்லாத சட்ட தைக்கிறது இங்கனதானா?" என்று கேட்டார். குரலைக் கேட்டுத்தான் நிமிர்ந்தேன். முகத்தைப் பார்த்து என்னால் கண்டுபிடித்திருக்க முடியாது. கன்னம் ஒட்டி, கழுத்தெலும்பு தெரிய, யாரோ மாதிரி நின்றார். மதினி என்று வாயில் வந்துவிட்டது.

"அப்படிக் கூப்புடாதத்தா. ஒரு வீட்டுக்கு ஒரு மதினிதேன்" என்று சொல்லிவிட்டு, அவரே முதலில் சிரித்தார். பிறகுதான் உள்ளே வந்தார். ஆஸ்பத்திரியில் சொந்தக்காரர் ஒருவரைப் பார்க்கக் கம்பம் வந்தாராம். "எங்க ஊருல பாதிப் பொம்பளைக ஒஞ்சட்டையத்தேன் போட்டுருக்காக. யாரு தச்சதுன்னு கேட்டேன். கையத் தூக்கச் சொல்லி அளவெடுப்பாகன்னு சொன்னாக. அப்பவே தெரிஞ்சுபோச்சு."

பெரிய அளவில் ஒன்றை எடுத்துக் கொடுத்தேன். கருப்புத் துணி, சின்னப் பூ. திரைக்குப் பின்னால் போய்ப் போட்டுக்கொண்டு வந்தார். தோள் கையில் இறங்கி, பக்கமெல்லாம் காற்றாடியது. இத்தனை காலமும் இல்லாத ஒரு உடம்புக்குத் தைத்துக்கொண்டிருந்திருக்கிறேன். என் முகத்தைப் பார்த்துவிட்டு அவரே சொன்னார். "சுகரு வந்து உருக்கிருச்சு. இப்ப பாடி போட்டா என்ன, போடாட்டி என்ன, கேக்க ஆளில்ல."

"பக்கத்தப் புடிச்சுத் தாறேன், அளவக் குடுங்க. அடுத்த வாரம் வந்து வாங்கிக்கிறீகளா?" என்றேன். மதினி என்னைப் பார்த்தார். பிறகு கைக்கெட்டும் தூரத்தில் சும்மா நின்ற மிஷினைப் பார்த்தார்.

"வேணாந்தா. லூசாவே இருக்கட்டும். நீ தச்சதுன்னு ஒண்ணு இருந்தாப் போதும்."

அப்படியே போட்டுக்கொண்டு, பழையதைச் சுருட்டிப் பையில் வைத்துக்கொண்டு படியிறங்கிப் போனார். இரண்டு பக்கமும் பிடிப்பது உட்கார்ந்து எழுந்திருக்கிற நேரத்து வேலை. அதற்கு நான் ஏன் ஒரு வாரம் கேட்டேன் என்பது அவருக்கு விளங்காமல் இல்லை. விளங்கியதால்தான் அப்படியே வாங்கிக்கொண்டு போனார்.