புகை நின்ற வண்டி

அன்று தொம்மலூர் ஷெட்டில் இருந்தது நான்கே பேர்: அப்பா, மெக்கானிக் பாய், நான், என் இடுப்பில் தங்கை. பல தடவை எண்ணிப் பார்த்துவிட்டேன். பழியைப் போட இன்னோர் ஆள் கிடைக்கவில்லை.

தங்கைக்கு நான்கு வயது, வீசிங். அப்பா வாடகைக்கு ஓட்டும் டீசல் கேப் எங்கள் ஜன்னலுக்குக் கீழேதான் நிற்கும். எலெக்ட்ரானிக் சிட்டி கம்பெனி டிரிப்புக்குக் காலையில் ஸ்டார்ட் செய்தால் கரும்புகை நேராக அவள் படுக்கைக்கு வரும். அதை நிறுத்தத்தான் போயிருந்தோம்.

பாய் ஒரு வால்வைக் கழற்றிக் காட்டினார். உள்ளே தார் பூசியதுபோல் கரி.

"ஈஜிஆர் வால்வுணா. மூடாம மாட்டிக்கிச்சு. எரிஞ்ச புகையே ஜாஸ்தியா திரும்பி இஞ்சினுக்குப் போவுது. கழுவி மாட்ட நாளைக்கு ஆவும்."

"டிரிப்ப விட்டா சூப்பர்வைசரு என்னைய கழுவி ஊத்துவான் பாய்."

"அப்ப ஒரு தகடு வெச்சு வழிய அடைச்சிடறேன். புகை நின்னுடும். ஆனா ஒரு மாசந்தான். கம்பெனிக்காரன் சும்மாவா அத வெச்சிருப்பான்?"

அப்பா யோசித்தார். நான் முந்திக்கொண்டேன்: "அடைச்சிடலாம்பா. பாப்பாவுக்குப் புகை வராதுல்ல?"

"இஞ்சினியரம்மாவே சொல்லிட்டாங்க, முடிஞ்சுது!" என்று பாய் சிரித்தார். மொத்தக் கூலி முந்நூறு. பாதியை வாங்கிக்கொண்டு, தகட்டை எடுத்து வால்வைக் கழுவ வரும்போது மீதியைத் தரச் சொன்னார்.

மறுநாளே புகை நின்றது. வண்டியும் நன்றாக இழுத்தது. புகைச் சோதனையில் பாஸ். மாதம் முடிந்து அப்பா ஷெட்டுக்குக் கிளம்பியபோது, "நல்லாத்தானே ஓடுது, எதுக்குப்பா?" என்று தடுத்தவளும் நானே. தங்கையின் இழுப்பு மட்டும் குறையவில்லை. பனி என்றோம், தலையணைப் பஞ்சு என்றோம், பாவம், அவளுடைய ஐஸ்கிரீமை நிறுத்தினோம்.

ஒன்பதாவதோடு படிப்பை விட்டு ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் சேர்ந்த பிறகுதான் விளங்கியது. புகையில் கொஞ்சத்தை அந்த வால்வு அளவாகத் திருப்பி விடுவதே இஞ்சினுக்குள் எரியும் சூட்டைத் தணிக்கத்தான். சூடு ஏறினால் நைட்ரஜன் ஆக்சைடு என்ற வாயு அதிகமாகும். அது மூச்சுக்குழலைப் புண்ணாக்கும். வழியை அடைத்தால் கரும்புகை குறையும், கண்ணுக்குத் தெரியாத இந்த வாயு கூடும். புகைச் சோதனை கரியைத்தான் பார்க்கும். நானும் அதைத்தான் பார்த்தேன். புகை தெரியவில்லை என்று அன்றுமுதல் ஜன்னலை வேறு திறந்து வைத்தேன்.

இழுப்பு ஒரு வண்டியால் மட்டும் வருவதில்லை என்கிறார் டாக்டர். தங்கை இன்ஹேலரை உறிஞ்சும் சத்தம் கேட்டால் அந்த ஆறுதல் என் மனதில் நிற்பதில்லை. தகடு உள்ளே இருக்கும்போதே அப்பா வண்டியை விற்றுவிட்டார். பாய்க்கு நூற்றைம்பது ரூபாய் இன்னும் பாக்கி.