ஐஸ் பெட்டியில் ஊட்டிச் செடி

காலை ஆறு ஐம்பதுக்கு எண்ணூரில் ஒரு வீட்டு வாசலில் முதலில் கண்ணில் பட்டது ஒரு தெர்மாகோல் மீன் பெட்டி. உடைத்த ஐஸுக்கு நடுவே ஒரு தொட்டி. அதில் முழங்கால் உயரம்கூட இல்லாத ரோடோடென்ட்ரான், ஆண்டு முழுக்கப் பச்சையாக நிற்கும் குட்டை ரகம். மலைக்குளிரில் வளர வேண்டியது.

தொழிற்சாலைக் காற்றைப் பற்றி எழுதப் போயிருந்தேன். செடிக்குச் சொந்தக்காரர் மீன் விற்கும் பெண். ஒல்லி, முழங்கைவரை செதில். ஈரத்துணியால் ஒவ்வொரு இலையாகச் சாம்பலைத் துடைத்துக்கொண்டிருந்தார். உள்ளே இரண்டு வயது மகள் இளைப்போடு தூங்கினாள்.

“இந்த ஊர் வெயிலுக்கு வேப்பங்கன்று வைக்கலாமே அம்மா?”

“வேம்பு எதுக்கும் அசராது சார். இது என்னிய மாரி பயந்தாங்கொள்ளி. போன தபா கம்பெனிலேர்ந்து வெஷ கேஸ் வந்தப்ப இதான் மொதல்ல சுருண்டுச்சு. கொயந்த மூச்சு வாங்குது, எனக்கு ஒண்ணும் தெரியல. மீன் வாடையில மூக்கு செத்துப்போச்சு.”

“வெயிலுக்கும் இலை சுருளுமே?”

“சுருளும். அதுக்கும் புள்ளய தூக்கினு ஓடுவேன். தெருவே சிரிக்கும். சிரிச்சுகினு போவட்டும்.”

தொட்டியைத் திருப்பிய அவர் கை நின்றது. துடைக்காத பக்கத்தில் இரண்டு இலைகள் உள்நோக்கிச் சுருண்டிருந்தன. வெயில் இன்னும் ஏறவில்லை, ஐஸும் கரையவில்லை. துணியைப் போட்டுவிட்டு உள்ளே ஓடினார்.

நான் காற்றை முகர்ந்து பார்த்தேன். மீன் வாடை மட்டுமே வந்தது.

மகளைத் தோளில் போட்டுக்கொண்டு அவர் தெருமுனையைத் தாண்டினார். தெருவில் யாரும் சிரிக்கவில்லை.